குட்ஜியால் போன சைக்கிள்

என் பிரியமான ‘என்னங்க’வுக்கு,

உங்கள் பெயரை எழுதப் போனால் இன்றும் கை கூசுகிறது. நாற்பது வருஷம் ‘என்னங்க’ என்று கூப்பிட்டுப் பழகிய வாய். இப்போது போய் மாற்ற முடியுமா? எங்கே இருக்கிறீர்களோ, அங்கேயே கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள். பேச மாட்டீர்கள், தெரியும்.

நேற்று நம் பேத்தி இங்கிலீஷ் பாடம் எழுதிக்கொண்டு வந்து, “ஆயா, அஞ்செழுத்து வார்த்தை, நடுவுல D வரணும், ஒண்ணு சொல்லேன்” என்றாள். எனக்கு இங்கிலீஷில் தெரிந்த அஞ்செழுத்து வார்த்தை ஒன்றே ஒன்றுதானே! சொன்னேன். அப்படி ஒரு வார்த்தையே கிடையாது என்று சிரித்துவிட்டாள். அவளுக்கு என்ன தெரியும்? அந்த வார்த்தை இல்லாவிட்டால் அவளே கிடையாது.

புதுச்சேரியை அடுத்த எங்கள் பாகூரில் பிரெஞ்சுக்கொடி பறந்த காலம். நீங்கள் கடலூர் ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையானால் என் அண்ணன் கோவிந்தனைப் பார்க்கிற சாக்கில் ஆற்றைத் தாண்டி நடந்தே வருவீர்கள். முழங்கால் வரை புழுதி. யாரைப் பார்க்க வருகிறீர்கள் என்று அண்ணனைத் தவிர எல்லோருக்கும் தெரியும். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, இப்போது சொல்ல என்ன வெட்கம்?

அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. வில்லியனூரிலிருந்து ஒரு வரன் மணி வைத்த சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். “நடந்து வர்றவனுக்கெல்லாம் பொண்ணு கெடையாது. இவனும் ஒரு சைக்கிள்ல வரட்டும், அப்புறம் பேசலாம்” என்றார் அப்பா. உங்கள் சம்பளத்துக்கு சைக்கிள் மணிகூட வாங்க முடியாது.

அப்போதுதான் அந்த இங்கிலீஷ் வாரப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். கட்டங்கட்டமாகப் போட்டிருப்பான். இத்தனை எழுத்து, இந்த இடத்தில் இந்த எழுத்து, வார்த்தையைக் கண்டுபிடி. எல்லாம் சரியாக இருந்தால் பரிசு சைக்கிள். உங்கள் கையெழுத்தும் அண்ணன் கையெழுத்தும் கோழி கிளறியது மாதிரி இருக்கும் என்பதால் எழுதுகிற வேலை என்னிடம் வந்தது. நான் புதுச்சேரியில் சித்தி வீட்டில் தங்கி, கன்னியாஸ்திரிகளிடம் பிரெஞ்சு படித்தவள். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

நீங்கள் கூடத்தில் அகராதியோடு. நான் கதவுக்குப் பின்னால் பேனாவோடு. “அஞ்செழுத்து. கோர்ட்ல தீர்ப்பு சொல்றவர். நடுவுல D அவங்களே போட்டிருக்காங்க. எழுதிக்கச் சொல்லு கோவிந்தா: ஜே, யூ, டி, ஜி, ஈ!” என்று முழங்கினீர்கள். உங்கள் குரலை அவ்வளவு நேரம் கேட்க வைத்ததற்கு அந்தப் பத்திரிகைக்காரன் நன்றாக இருக்க வேண்டும்.

நான் கேட்டதைத்தான் எழுதினேன். எங்கள் பிரெஞ்சில் ‘ஜே’ என்றால் G. ‘ஜி’ என்றால் J. ‘ஈ’ என்றால் I. நீங்கள் JUDGE என்று சொல்ல, நான் GUDJI என்று அழகாக எழுதி, மடித்து, ஒட்டிக் கொடுத்தேன். நீங்களோ, நான் தொட்ட உறை என்று அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனீர்களே தவிர, பிரித்துப் பார்க்கவில்லை. அட, என் ராசா!

முடிவு வந்த இதழை நீங்கள்தான் கொண்டு வந்தீர்கள். அதில் நம்மைத்தான் கேலி செய்திருந்தார்கள். பிரெஞ்சு இந்தியாவில் தீர்ப்புச் சொல்ல குட்ஜி என்று ஒருவர் உட்கார்ந்திருக்கிறாராம்! அண்ணன் அதைச் சத்தமாகப் படித்து அர்த்தமும் சொல்ல, கரும்பு வெட்டு முடிந்து வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். சைக்கிள் போச்சு. அந்தத் தையில் வில்லியனூரானுக்குத்தான் என்னைக் கட்டிக் கொடுக்கப்போகிறார்கள்.

“இன்னாம்மா இது? யாரு பண்ண தப்பு?” என்றார் அப்பா.

பயம் வந்தால் எனக்கு வாய்தான் நீளும். “அவரு சொன்னதத்தான் எழுதினேன். ஒழுங்கா எழுத்து சொல்லத் தெரியாதவரு எதுக்குப் போட்டிக்கெல்லாம் போறாரு?” என்று கதவுக்குப் பின்னாலிருந்து கத்தினேன்.

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு, “என் தப்புதாங்க. நான்தான் சரியா சொல்லல” என்றீர்கள்.

“இன்னாடா, நீ சரியாத்தானடா சொன்ன! நான் பக்கத்துலயே இருந்தேனே!” என்று அண்ணன் குதித்தான். நீங்கள் அவன் காலை மிதித்ததைக் கதவிடுக்கில் நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்துவிட்டார்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “கோவிந்தா, வில்லியனூருக்கு ஆள் அனுப்பி வேணாம்னு சொல்லிடு” என்றார்.

“அப்போ சைக்கிளு?”

“சைக்கிளு இன்னாத்துக்குடா? செய்யாத தப்பையே ஒத்துக்கிறான். இவ வாய்க்கு இவன்தான் தாங்குவான்.”

அப்பா சொன்னது பலித்தது. குழம்பில் நான் இரண்டு தரம் உப்புப் போட்டால் உங்கள் தப்பு. மழை வந்து என் வற்றல் நனைந்தால் உங்கள் தப்பு. ஒரு நாளாவது ‘இல்லடி’ என்று சொன்னீர்களா? ஜட்ஜ் விஷயத்தில் மட்டும் இன்றும் சொல்கிறேன், தப்பு உங்களுடையதேதான். பாகூருக்குப் பெண் கேட்டு வருகிறவர் பாகூர் எழுத்தில் சொல்ல வேண்டாமா?

இப்போது வீட்டில் எல்லோரும் சௌக்கியம். ஒரே ஒரு கஷ்டம். போன வாரம் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. மருமகள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அப்புறம் இரண்டு பேரும் உங்கள் நாற்காலியைப் பார்த்தோம். ‘என் தப்பு’ என்று சொல்ல அதில் நீங்கள் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடைசியில், “என் தப்புதாம்மா” என்று நானே சொல்லிவிட்டேன். அந்தப் பெண் பயந்துபோய், காய்ச்சல் அடிக்கிறதா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கவலைப்படாதீர்கள். இனி இந்த வீட்டில் உங்கள் பங்கையும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் வாயாடிப் பெண்டாட்டி