கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு ‘ம்’

மாப்பிள்ளை,

உன் ஹெட்செட்டின் பஞ்சு உறையில் தைல வாசனை இன்னும் போகவில்லை. காலையில் அதைக் காதில் மாட்டியதும், நீ பின்னால் நின்று வயரைச் சரிசெய்கிறாய் என்றே நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். சுவரில் காலண்டர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஃபேன் ஓடவில்லை. ஜன்னல் காற்றாக இருக்கும் என்று எனக்கு நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டேன்.

மணி ஒன்பதே முக்கால். பத்துக்கு வழக்கமான ஞாயிற்றுக்கிழமை மீட்டிங். பம்மல் தோல் பட்டறைகளை முப்பது வருஷம் கிடுகிடுக்க வைத்தவனும், தும்மினால் கூடுவாஞ்சேரியில் கதவுகள் தாமாகச் சாத்திக்கொள்ளும் அளவுக்குப் பேர் வாங்கியவனுமாகிய உன் மச்சான், கிழக்குத் தாம்பரத்தில் தன் சிம்மாசனத்தில், அதாவது கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில், வீற்றிருக்கிறேன். இந்தக் கால் மணி நேரத்தில் உனக்கு எழுதத் தொடங்குகிறேன். ஒரு விஷயத்தை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

தினேஷ் மெல்பர்ன் போன மாதம் நினைவிருக்கிறதா? என் தங்கை, உன் மனைவி கற்பகம், பிள்ளை முகத்தைப் பார்க்காமல் சோறு இறங்கவில்லை என்றாள். நீ மாடம்பாக்கம், சேலையூர் பக்கமெல்லாம் வீடு வீடாக இன்டர்நெட் லைன் இழுக்கிறவன். ஒரே நாளில் ஞாயிறு பத்து மணி மீட்டிங்கை உண்டாக்கினாய். அதற்கு நீதான் ஹோஸ்ட். ஹோஸ்ட் வந்தால்தான் கதவு திறக்கும், மற்றவர்கள் வெளியில் காத்திருக்க வேண்டும் என்றாய். கல்யாண மண்டபத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து சேர்வது போலவா என்று கேட்டேன். அதேதான் என்று சிரித்தாய்.

எனக்கு ரிமோட்டின் சிவப்புப் பட்டனைத் தவிர வேறொன்றும் தெரியாது. உங்கள் வீட்டு மொட்டை மாடியில் வயரைச் சுருட்டிக்கொண்டே நீ சொன்னது: “நீ பேசறது முழுசா ஒரே வண்டியில போவாது மச்சான். துண்டு துண்டாகி ஷேர் ஆட்டோல ஏறிப் போவும். ஒண்ணு பம்மல் வழி, ஒண்ணு குரோம்பேட்டை வழி. அந்தப் பக்கம் எல்லாம் எறங்கி வரிசையா நின்னப்புறம்தான் தினேஷ் காதுல உன் பேச்சு.” அந்தத் துண்டுக்குப் பாக்கெட் என்று பேர். ஒரு ஆட்டோ வழியில் கவிழ்ந்துவிட்டால் பாக்கெட் லாஸ். எல்லாமே சுற்றிக்கொண்டு தாமதமாக வந்தால் லேட்டன்சி. என் பேச்சு மட்டும் போலீஸ் ஜீப் முன்னால் போக, லாரியில் மொத்தமாகப் போய் இறங்கும் என்று அன்றே ஊரெல்லாம் பறைசாற்றிவிட்டேன்.

உனக்கு இரண்டு பழக்கங்கள். கேமராவின் கண் உன்னையே முறைக்கிறது என்று டேப்லெட்டில் அதன் மேல் ஒரு துண்டுப் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தாய். உன் கட்டம் எப்போதும் கறுப்பு. அதிலிருந்து, யார் என்ன பேசினாலும், “ம்” என்று மட்டும் வரும். தினேஷ் வேலையைப் பற்றிச் சொன்னாலும் ம். நான் அந்தமானில் திமிங்கிலத்தை வாலைப் பிடித்துக் கரைக்கு இழுத்த கதையைச் சொன்னாலும் அதே ம்.

முடிக்கும்போது மட்டும் நீ கறார். சும்மா பட்டனை அமுக்கிவிட்டுப் போகக் கூடாது. “வரேன்னு சொல்லு. சொல்லிட்டு மூணு எண்ணு. கடைசி வார்த்தை இன்னும் வழியில இருக்கும், அது வந்து சேரட்டும்.” இரண்டு வருஷம், ஞாயிறு தவறாமல், நாங்கள் எல்லோரும் வரேன் சொல்லி மூன்று எண்ணினோம்.

அந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

ஒரு புதன்கிழமை காலை நீ பைக்கை ஸ்டாண்டு போட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்தாய், எழுந்திருக்கவில்லை. தினேஷுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. மறுநாள் என் போனில் வீடியோவைப் போட்டு, காலையிலிருந்து உன் முகத்தை அவனுக்குக் காட்டிக்கொண்டே நின்றேன். கை மரத்துவிட்டது. உன்னைத் தூக்கினார்கள். தெரு முனை வரை போனைப் பிடித்தபடி வந்து, பட்டனை அமுக்கும் முன், கை தன் போக்கில் நின்றது. வாய் தன் போக்கில் சொன்னது. “வரேன் மாப்ள.”

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் வரேன் சொல்லுவதில்லை. சொன்னால் சாவையும் மறுபடி வரச் சொன்னதாக ஆகும். பேசாமல், திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். கைக்குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அந்த வார்த்தையை நான் தெருவே கேட்கும்படி சொன்னேன். என் குரல்தான் உனக்குத் தெரியுமே. வாசலில் நின்ற கற்பகம் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு அவள் பழக்கத்தில் அந்தப் பழைய லிங்கைத் தொட்டாள். நானும் தொட்டேன், தினேஷும் தொட்டான். தனித்தனியாக, ஒருவருக்கொருவர் சொல்லாமல். ஹோஸ்ட் வரும் வரை காத்திருக்கவும் என்று வரும், பார்த்துவிட்டு அழலாம் என்று நினைத்தோம்.

கதவு திறந்தது.

தினேஷ் ஒரு கட்டம், கற்பகம் ஒரு கட்டம், நான் ஒரு கட்டம். நாலாவதாக ஒரு கறுப்புக் கட்டம், அடியில் உன் பெயர். யார் பேசுகிறார்களோ அவர்கள் கட்டத்தைச் சுற்றிப் பச்சைக் கோடு விழும் அல்லவா? உன் கட்டத்தைச் சுற்றிப் பச்சைக் கோடு விழுந்தது.

“ம்.”

அந்தப் புதன்கிழமை உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய கலவரத்தில் உன் டேப்லெட் தொலைந்துவிட்டது என்றே இருந்தோம். எடுத்தவன் எவனோ விளையாடுகிறான் என்று தினேஷ் சொன்னான். வெளியேற்றிவிடு என்றேன். “ஹோஸ்ட்டை யாராலயும் வெளியேத்த முடியாது மாமா.” புதிய லிங்க் அனுப்பினான். கற்பகம் அதைத் தொடவில்லை. ஞாயிறு பத்து மணிக்குத் தலைவாரி, பழைய மீட்டிங்கின் முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்கு உன் குரலைக் கேட்க ஆசை. உன் பின்னால் என்ன வருமோ என்று பயம். உள்ளே போவாள், அந்த ம் கேட்டதும் அழுவாள்.

தலைத் திவசத்துக்கு இரண்டு மாதம் இருந்தபோது, டிக்கெட் போட்டுவிட்டேன் என்று தினேஷ் சொன்னான். வராதே என்றாள் அவள். நான் நேரில் போய்க் கேட்டேன். அடுப்பைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

“நீதானேண்ணா வரேன்னு சொல்லிக் கூப்ட்ட. அவர் வந்து உக்காந்திருக்காரு. சும்மாவா வருவாரு, ஆள் கூட்டிட்டுப் போகத்தான். எம்புள்ள இந்த வாசப்படி மிதிக்க வேணாம்.”

யமனிடம் வாய்தா வாங்கித் தருவேன் என்று வழக்கமாகப் பீற்றிக்கொள்ளும் நான் அன்று அடுப்படியை விட்டு நழுவினேன். என் வாயால் ஒரு பிள்ளைக்கு அப்பன் திவசம் இல்லாமல் போகப்போகிறது. அவள் மேஜையிலிருந்த உன் ஹெட்செட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அதை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, உன் கட்டத்தை மட்டும் கேட்டேன். நான் கனைத்தேன். ஒரு நொடி கழித்து என் கனைப்பு எனக்கே திரும்பி வந்தது. பிறகு நீ சொன்னது மண்டையில் தட்டியது. உன் குரல் உனக்கே திரும்பி வந்தால் அது எக்கோ. அந்தப் பக்கம் ஒருவன் ஸ்பீக்கரையும் மைக்கையும் சேர்த்துத் திறந்து வைத்திருக்கிறான். பேய்க்கு ஸ்பீக்கர் எதற்கு? அங்கே ஒரு கருவி இருக்கிறது. திரும்பி வந்த குரலில் ஒரு வெறுமை, கிணற்றுக்குள் கத்தினது போல. சாமான் இல்லாத அறை. இன்னும் கேட்டேன். வெகு தூரத்தில் ரயில்வே அறிவிப்பு. செங்கல்பட்டு வண்டி, கூடுவாஞ்சேரி, முதல் பிளாட்பாரம்.

நீ போவதற்கு முதல் நாள் கூடுவாஞ்சேரியில்தானே லைன் போட்டாய்? ஸ்டேஷனுக்குப் பின்னால் புது அப்பார்ட்மெண்ட் என்று சொன்னாய். அதற்கடுத்த ஞாயிறு காலை ஒன்பதரைக்கே அங்கே போய் நின்றேன். உன் பெயரைச் சொன்னதும் வாட்ச்மேன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நெட்டுகாரரா? சாவியக் குட்த்துட்டு, உள்ள டெஸ்டு ஓடிகினு கீது, நாளிக்கு வந்து எட்த்துக்குறேன்னாரு. அப்பால ஆளே காணோம் சார். ஓனரு துபாய்ல கீறாரு, பூட்டியேதான் கீது. ஆனா ஞாயித்துக்கெழம ஆனா உள்ள பேச்சு சத்தம் சார். ஒரு பொம்பள அழுவுது. ஒரு பெர்சு கண்டபடி பொளந்து கட்டுது. நான் அந்த மாடிக்கே போறதில்ல.”

மாப்பிள்ளை, அந்தப் பெரிசு நான்தான். அழுத பெண் கற்பகம். நீ எங்களுக்குப் பேயாக வருகிறாய் என்று நாங்கள் மாதக்கணக்கில் நடுங்கிக்கொண்டிருந்தோம். அந்த வீட்டுக்குப் பேயாக வந்து போய்க்கொண்டிருந்தது நாங்கள். வாட்ச்மேன் சாவியை என் கையில் போட்டுவிட்டுப் படியோடு நின்றுகொண்டார்.

கதவைத் திறந்தால் சுண்ணாம்பு வாசனை, தூசி. சமையல் மேடையில் உன் டேப்லெட், சார்ஜரோடு, ஸ்டாண்டில் நிமிர்ந்து நின்றது. புது லைன் போட்ட இடத்திலெல்லாம், லைன் அறுகிறதா என்று பார்க்க, உன் மீட்டிங்கையே ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்ப்பது உன் வழக்கம். ஞாயிறு பத்துக்கு நம் மீட்டிங் அதில் தானாகத் திறக்கும்படி வைத்திருந்தாய், எந்த வேலையில் இருந்தாலும் உன் கட்டம்தான் முதலில் வர வேண்டும் என்று. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை வெளிச்சமானது. பத்து மணி.

பின்கட்டு ஜன்னல் பாதி திறந்திருந்தது. அதன் மேல் இரண்டு புறாக்கள். ஒன்று கழுத்தை உப்பிக்கொண்டு சொன்னது: “ம்.”

இரண்டையும் விரட்டினேன். ஜன்னலைச் சாத்தித் தாழ் போட்டேன். கையோடு கொண்டுவந்திருந்த உன் ஹெட்செட்டை மாட்டி என் போனிலும் மீட்டிங்குக்குள் போனேன். ஒரே அறையில் இரண்டு மைக் திறந்திருந்தால் ஊளையிடும் என்று நீ திட்டியது நினைவுக்கு வர, போனை மியூட் செய்தேன். பிறகு டேப்லெட்டின் கண்ணிலிருந்து உன் பிளாஸ்திரியை உரித்தேன்.

அங்கே கற்பகம் என்ன பார்த்திருப்பாள் என்று யோசித்துப் பார். இத்தனை மாதம் கறுப்பாக இருந்த கட்டத்தில், உன் பெயருக்கு மேல், ஒரு முகம். வாயைப் பொத்திக்கொண்டாள். நான்தாம்மா என்றேன். முதல் முறையாக என் வாழ்க்கையில் கூட்டாமல் குறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னலைக் காட்டினேன், புறா எச்சத்தைக் காட்டினேன், ஸ்டாண்டைக் காட்டினேன். கால் மணி நேரம் ஆயிற்று. தினேஷ் சிரிக்கத் தொடங்கி, அது அழுகையில் போய் முடிந்தது. கற்பகம் அந்த வெற்று அறையைப் பார்த்தாள்.

“அங்கயே தனியா உக்காந்திருந்துச்சா அது,” என்றாள். பிறகு, “அணைச்சிடுண்ணா. இந்த வாட்டி ஒண்ணும் சொல்லாத.”

சொல்லவில்லை. உன் டேப்லெட்டின் சிவப்புப் பட்டனை அமுக்கினேன். போனில் உன் கட்டம் மறைந்தது. கற்பகமும் தினேஷும் மட்டும் மிச்சம். பழக்கம் விடவில்லை, மனசுக்குள் எண்ணினேன். ஒன்று. இரண்டு.

ஹெட்செட்டில் கேட்டது. “ம்.”

அவர்கள் இருவர் முகத்திலும் ஒரு அசைவும் இல்லை. உதடு மூடியிருந்தது. பச்சைக் கோடு யார்மேலும் விழவில்லை. ஜன்னல் தாழ் போட்டது போட்டபடி. புறா சொன்னது தாமதமாக வந்தது என்று வைத்துக்கொண்டாலும், அவற்றை விரட்டிக் கால் மணி நேரம் ஆகிவிட்டது. எந்த ஷேர் ஆட்டோ மாப்பிள்ளை கால் மணி நேரம் ஊரைச் சுற்றும்? இதில் நான் ஒரு நூல்கூட மிகைப்படுத்தவில்லை. அதனால்தான் வெளியில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

தினேஷ் வந்தான். தலைத் திவசத்துக்கு எள்ளும் தண்ணீரும் அவன் கையாலேயே விட்டான். வாசற்படியை மிதித்தான், ஒன்றும் ஆகவில்லை, பத்திரமாகத் திரும்பிப் போய்ச் சேர்ந்தான். கற்பகத்திடம் அந்தக் கடைசி ம் பற்றி மூச்சு விடவில்லை. இன்னும் விடப்போவதில்லை. அண்டப்புளுகன் என்று இந்தப் பக்கமெல்லாம் பேர் வாங்கியவன் வாழ்நாளில் மறைத்த ஒரே உண்மை அது.

இப்போது ஹோஸ்ட் நான். மணி பத்து ஆகப்போகிறது. இருவரும் வெளியில் காத்திருப்பதாகத் திரை சொல்கிறது. பேசி முடித்து அவர்கள் வரேன் சொல்லிப் போன பிறகும், ஞாயிறுதோறும் வெறும் திரையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று எண்ணினால் போதும் என்றாய். நான் முந்நூறு வரை போகிறேன். உன் தைலம்தான் மணக்கிறது, வேறொன்றும் வந்து சேரவில்லை.

கற்பகம் கேட்டுக்கொண்டபடி, விடைபெறும்போது சொல்லும் அந்த ஒரு வார்த்தையை இங்கேயும் எழுதாமல் பேனாவை மூடுகிறேன். மூடுவதற்கு முன் கொஞ்சம் எண்ணிக்கொள்கிறேன்.