ஏப்ரலில் அவிழ்ந்த பசு

ஏப்ரல் 13, 1942

அன்புள்ள தோருன்,

இதை யாருக்கும் காட்டாதே. உன் அம்மாவுக்குக்கூட வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள். அலமாரிக்குப் பின்னால் மெழுகுவர்த்தியோடு ஒளிந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கிறதென்று கேலி செய்யாதே. ரயில் கார்டு நில்ஸ் மாமா இதைப் பூட்ஸுக்குள் வைத்துக் கொண்டுவருவார்.

முதலில் நல்ல செய்தி. நீ பின்னி அனுப்பிய சிவப்புக் கையுறை உன் அப்பாவிடம் சேர்ந்துவிட்டது.

நம் நாட்டைப் பிடித்திருக்கும் ஜெர்மன்காரர்கள் சொன்ன புதுச் சங்கத்தில் சேர மறுத்த உன் அப்பாவையும் மற்ற ஆசிரியர்களையும் கால்நடைப் பெட்டிகளில் அடைத்து வடக்கே கொண்டுபோகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த ரயில் நேற்று வந்தது. ஆனால் எங்கள் ஊரில் நிற்காது என்றார்கள்.

நீங்கள் இங்கே இருந்தபோது உன் அப்பா சரித்திர வகுப்பில் எங்களை ஆடவைத்த ‘ஏன்’ விளையாட்டு ஞாபகம் வந்தது. நம் நாட்டுக்கு அரசியல் சாசனம் ஏன் வந்தது? டென்மார்க் ராஜா நம்மை இழந்ததால். ஏன் இழந்தார்? நெப்போலியனோடு சேர்ந்து தோற்றதால். அவரோடு ஏன் சேர்ந்தார்? ஆங்கிலேயர் கோபன்ஹேகனை எரித்துக் கப்பல்களைப் பிடுங்கியதால். நான் அதைத் தலைகீழாக ஆடிப் பார்த்தேன். கையுறை சேர வேண்டுமானால் ரயில் நிற்க வேண்டும். ரயில் நிற்க வேண்டுமானால் தண்டவாளத்தில் ஏதாவது நிற்க வேண்டும். பக்கத்து வீட்டு பெர்த்தே அத்தையின் பசு டாக்ரோஸ்!

குளிர்காலம் முழுக்கக் கொட்டிலில் கிடந்த மாடு முதல் நாள் வெளியே வந்தால் என்ன ஆட்டம் போடும் என்று உனக்குத் தெரியும். கயிற்றை அவிழ்த்துக் கதவைத் திறந்தேன். பனியை உதைத்துக்கொண்டு நேரே தண்டவாளத்துக்கு ஓடியது. ரயில் கிறீச்சிட்டு நின்றது. சிப்பாய்கள் இறங்கிக் கத்தக் கத்த அது இன்னும் துள்ளியது. பெட்டிகளுக்குள்ளிருந்து ஆசிரியர்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் மறுபக்கமாக ஓடி உன் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டேன். பலகை இடுக்கில் நீலம் பாரித்த விரல்கள் தெரிந்தன.

“யாரு, சிக்னேவா? வீட்டுப்பாடம் முடிச்சியா?”

“தோருன் குடுத்தா சார்” என்று கையுறையை இடுக்கில் திணித்தேன்.

இனிக் கெட்ட செய்தி. “பனி கொட்டுற ஏப்ரல்ல மாட்ட அவுத்தது யாரு?” என்று அதிகாரி ஊரையே வரிசையில் நிறுத்திக் கேட்டான். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பெர்த்தே அத்தை முன்னால் வந்தாள்.

“நாந்தான். எம்மாடு, எங்கொட்டில். அதுக்குக் கொஞ்சம் வெயில் காட்டலாம்னு பாத்தேன். உங்க ரயில் வர்ற நேரத்த அதுகிட்ட யாரும் சொல்லலையே!”

நான் கதவைத் திறந்ததை அவள் ஜன்னலிலிருந்து பார்த்தாள், தோருன். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவளைக் கொண்டுபோய்விட்டார்கள்.

பயத்துடன்,
சிக்னே

ட்ரான்ட்ஹைம், ஏப்ரல் 18

என் சிக்னே,

எரித்துவிட்டேன். ஆனால் அதற்கு முன் அம்மாவிடம் சொல்லவேண்டியதாகிவிட்டது, கோபிக்காதே.

துறைமுகத்தில் அவர்களைக் கப்பலில் ஏற்றியபோது வேலிக்கு வெளியே நின்றோம். எல்லாரும் சாம்பல் நிறம், யார் யாரென்றே தெரியவில்லை. திடீரென்று இரண்டு சிவப்புக் கைகள் உயர்ந்தன. “அதோடி, உங்கப்பா!” என்று அம்மா என் தோளைக் கிள்ளியே விட்டாள். “அந்தக் கையுறைய யாருடி குடுத்தா?” என்றாள். “ஒரு பசும்மா” என்றேன். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். அப்பாவைப் பிடித்துப்போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான். உனக்கு எப்படி நன்றி சொல்வேன்?

ஒன்று மட்டும் யோசி. நீ போய் ஒப்புக்கொண்டால் ஏன் என்பார்கள். கையுறைக்காக என்றால், யாருடைய கையுறை என்பார்கள். அது அப்பாவிடம் போய் முடியும். ஆனால் பெர்த்தே அத்தையை நினைத்தால் உன்னைப் போகாதே என்று சொல்லவும் மனம் வரவில்லை. எது செய்தாலும் நீ என் சிக்னேதான்.

முத்தங்களுடன்,
தோருன்

ஏப்ரல் 21

அன்புள்ள தோருன்,

இன்றும் அத்தை வரவில்லை. தினமும் அவள் கொட்டிலில் சாணம் அள்ளுகிறேன், பால் கறக்கிறேன். அம்மாவுக்குச் சந்தேகம். “அத்தன பாசம் எங்கேருந்துடி வந்துச்சு?” என்கிறாள்.

நான் முடிவு செய்துவிட்டேன். காலையில் அந்த அதிகாரியிடம் ஒப்புக்கொள்ளப் போகிறேன். கையுறையைப் பற்றி மூச்சு விடமாட்டேன். மாடு துள்ளுவதைப் பார்க்க ஆசையாக இருந்தது, அதனால் அவிழ்த்தேன் என்பேன். மக்குப் பெண் என்று அடித்தால் அடிக்கட்டும். என் வயதில் அது நம்பக்கூடிய காரணம்தானே? உன் அப்பாவும் மதிப்பெண் போடுவார்.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்காக ஒருத்தி ஒரு வார்த்தையும் கேட்காமல் முன்னால் வந்து நின்றாள். அதை நினைக்கும்போது பயத்தைவிட நன்றிதான் பெரிதாக இருக்கிறது. அவளுக்கு அதைச் சொல்லாமல் என்னால்

கதவைத் தட்டுகிறார்கள். மறுபடியும். அம்மா எழுந்துவிட்டாள். “யாரு?” என்கிறாள்.

“நாந்தான், தொறடி! காலு ரெண்டும் வெறச்சுப்போச்சு...”

தோருன், அது பெர்த்தே அத்