நான்காவது சத்தம்

மார்ச் 4

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே நானும் பாப்பாவும் அத்தையும் நலம். கப்பல் எந்தக் கரையில் நிற்கிறதோ, நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களோ இல்லையோ, அது உங்களுக்கே வெளிச்சம். போனில் பேசினால் பாதி காற்று, மீதி உங்கள் சிரிப்பு. நான் சொல்வது எதுவும் உங்களிடம் போய்ச் சேர்வதில்லை. அதனால்தான் மெயிலில் கடிதமாக எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டபடி உங்கள் கீபோர்டின் உறையைக் கழற்றினேன்.  மைக்கைப் பின்னால் செருகி, பாப்பாவின் வயிற்றில் வாயை வைத்து ஊதி, அவள் சிரித்ததைப் பதிவு செய்தேன். முதல் தடவை சிவப்பு விளக்கு எரிந்து கரகரவென்று வந்தது. மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்ததும் சரியாகிவிட்டது. நடுக் கட்டையை அழுத்தினால் நம் பிள்ளை சிரிக்கிறாள். உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. ‘பாப்பா’ என்று பெயர் போட்டுச் சேமித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கப்பலில் நீங்கள் வாசிக்கும் கீபோர்டும் இதே ரகம்தானே, ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு குறை சொல்லவேண்டும். நீங்கள் இதில் செய்துவைத்திருக்கும் வாத்தியச் சத்தமெல்லாம் ஏன் இப்படி ஊசி ஊசியாக இருக்கிறது? இரண்டைத் தட்டிப் பார்த்ததற்கே அத்தை, "என்னம்மா அது, கண்ணாடிய ஆணியால கீறி வச்சிருக்கானா உன் புருஷன்?" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

நீங்கள் மறந்து விட்டுப்போன கைக்கடிகாரம் தினமும் விடிகாலையில் கீச்கீச்சென்று கத்துகிறது. வழக்கம்போல நான்தான் எழுந்து அணைக்கிறேன். நல்லவேளை, பாப்பாவும் உங்களை மாதிரியே அசையாமல் தூங்குகிறாள்.

உங்கள்,
பாப்பாவின் அம்மா

மார்ச் 11

என் படித்த மனைவிக்கு,

பட்டம் வாங்கியவள் பாத்திரத்தை மட்டும் அனுப்பிவிட்டுச் சாப்பாட்டை அடுப்பிலேயே வைத்துவிட்டாய். ‘பாப்பா’ என்ற பெயர் வந்தது. கட்டையை அழுத்தினால் மூச்சு பேச்சு இல்லை. கோபித்துக்கொள்ளாதே, நானே இந்தத் தப்பை எத்தனையோ முறை செய்திருக்கிறேன். வாத்தியத்தின் அமைப்பு வேறு, பதிவான சத்தம் வேறு. இரண்டையும் சேர்த்துச் சேமிக்கவேண்டும். மின்சாரத்தை அணைத்தால் சேமிக்காத சத்தம் காற்றோடு போய்விடும். அந்தப் பழைய பெட்டிக்கு ஞாபகசக்தி அவ்வளவுதான். இன்னொரு முறை அவளைச் சிரிக்கவைத்து அனுப்பு. மேடையில் என் தனி வாசிப்புக்கு நடுவில் அவள் சிரிக்கவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

இங்கே சவுண்டு ஆளோடு தினமும் மல்லுக்கட்டு. என் கீபோர்டு கூச்சலாக இருக்கிறதாம், கீச்சென்ற உச்ச ஒலியைக் குறைக்கச் சொல்கிறான். குறைத்தால் எல்லாம் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. மேனேஜரிடம் வேறு போட்டுக்கொடுத்திருக்கிறான். அவனுக்குத்தான் காது சரியில்லை.

உன்,
கட்டை தட்டுகிறவன்

மார்ச் 15

பாப்பாவின் அப்பாவுக்கு,

சிரிப்பை மறுபடி பதிவு செய்து, நீங்கள் சொன்னபடி இரண்டையும் சேர்த்துச் சேமித்து அனுப்பியிருக்கிறேன். ஆனால் நான் எழுத வந்தது வேறு.

பதிவு செய்யும்போது, "பாப்பா, இங்க பாரும்மா" என்று நான் கூப்பிட்டதும் சேர்ந்து விழுந்துவிட்டது. அதைத் தனியாக வெட்டி விளையாட்டாக வாசித்தேன். கீழ்க்கட்டையை அழுத்தினால் என் குரல் பூதம் மாதிரி இழுத்துக்கொண்டு வருகிறது. பாப்பா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். மேல்கட்டைக்குப் போனேன். என் குரல் எலிக்குஞ்சு மாதிரி ஓடியது. பாப்பா கட்டைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செருப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். மறுபடி கீழே. திரும்பினாள். மறுபடி மேலே. இல்லை. நடுக் கட்டையில், அதாவது என் சொந்தக் குரலில், ஒரு நேரம் திரும்புகிறாள், ஒரு நேரம் இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஒன்றரை வயதாகிறது, இன்னும் ஒரு வார்த்தை இல்லை. அத்தையிடம் சொன்னால், "அவ அப்பனும் மூணு வயசு வரைக்கும் வாயத் தொறக்கல. இப்ப மூட வைக்க முடியுதா?" என்கிறார். நான் என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

உங்கள்,
பாப்பாவின் அம்மா

மார்ச் 22

அன்புள்ள பயந்தாங்கொள்ளிக்கு,

பிள்ளை சிரித்துவிட்டாள். நேற்று மேடையில் மூன்று முறை. கூட்டம் கை தட்டியது, எங்கள் குழுவின் டிரம்மர் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நீ எதையாவது போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. பூதம் மாதிரி குரல் வந்தால் யார்தான் திரும்பமாட்டார்கள்? நான் கூப்பிட்டால்கூட நீ திரும்புவதில்லை, அதற்கு டாக்டரிடமா போனோம்? ஒரு இசைக்காரன் பெற்ற பிள்ளைக்குக் காதில் என்ன குறை வந்துவிடப்போகிறது? ஒப்பந்தம் முடிந்து நான் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம். இப்போது பாதியில் கிளம்பினால் என் இடத்துக்கு வேறொருவன் தயாராக நிற்கிறான்.

உன்,
கட்டை தட்டுகிறவன்

ஏப்ரல் 6

பாப்பாவின் அப்பாவுக்கு,

நீங்கள் வரும்வரை என்னால் இருக்கமுடியவில்லை. பாப்பாவைக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். சுவரெல்லாம் பஞ்சு வைத்த அறை. என் மடியில் உட்காரவைத்து ஒவ்வொரு சத்தமாகப் போட்டார்கள். எனக்குக் கேட்டது. அவள் என் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ‘திரும்பு, கண்ணு, திரும்பு’ என்று மனசுக்குள் கத்திக்கொண்டே, அவளைத் தொட்டுத் திருப்பிவிடாமல் கையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தடித்த சத்தங்கள் கேட்கின்றனவாம். கீச்சென்ற உச்சச் சத்தங்கள் இரண்டு காதுக்கும் எட்டவில்லை. நாம் பேசுவது அவளுக்கு அரையும்குறையுமாகத்தான் போய்ச் சேர்கிறது. கருவி மாட்டலாம், ஆனால் இருக்கிற கேட்கும் திறனும் குறைந்துகொண்டே போகுமா, இதோடு நிற்குமா என்று இப்போது சொல்லமுடியாதாம். "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி உண்டா?" என்று டாக்டரம்மா கேட்டார். "இல்லவே இல்ல. இவ அப்பா இசைக் கலைஞர்" என்றேன். கொஞ்சம் பெருமையாகக்கூட.

அவளுக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று நீங்களும் தெரிந்துகொள்ளவேண்டும். அவள் சிரிப்பையே கீழிருந்து மேலே நான்கு கட்டைகளில் வாசித்து, திரும்பப் பதிவு செய்து, நான்கு தனிச் சத்தங்களாக அனுப்பியிருக்கிறேன். முதல் இரண்டுக்கும் திரும்புகிறாள். மூன்றாவதுக்குச் சந்தேகம். நான்காவதுக்கு இல்லவே இல்லை.

வரமுடியுமா? கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன்.

உங்கள்,
பாப்பாவின் அம்மா

ஏப்ரல் 13

என் தங்கத்துக்கு,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. உன்னைத் தனியாக அந்த அறையில் உட்காரவைத்துவிட்டேன். பழைய கடிதத்தில் நான் அடித்த கிண்டலையெல்லாம் அழித்துவிடு.

நான்கையும் ஏற்றி ஹெட்போனில் கேட்டேன். முதல் இரண்டும் தெளிவு. மூன்றாவது ரொம்ப மெலிதாக வைத்திருக்கிறாய். நான்காவது காலி. பெயர் இருக்கிறது, சத்தம் இல்லை. முழுச் சத்தம் வைத்தும் பார்த்தேன். பாவம், இருக்கிற மனநிலையில் மறுபடி சேமிக்க மறந்துவிட்டாய். பரவாயில்லை, அதை மட்டும் திரும்ப அனுப்பு. என் பிள்ளைக்குக் கேட்காதது என்னவென்று நான் கேட்கவேண்டும்.

உன்,
கட்டை தட்டுகிறவன்

ஏப்ரல் 14

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்களுக்கு அனுப்பியதையே பென்டிரைவிலிருந்து திரும்ப ஏற்றினேன். நான்காவதை அழுத்தினேன். உள்ளறையிலிருந்து அத்தை, "நிறுத்தும்மா, காதுல ஊசி ஏத்துற மாதிரி இருக்கு" என்று ஓடி வந்தார். பாப்பா தரையில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் நிமிரவில்லை.

நான் மறக்கவில்லை. அது காலியாக இல்லை.

இன்று காலை உங்கள் கடிகாரத்தை அணைக்காமல் கையில் வைத்துக்கொண்டு அப்படியே படுத்திருந்தேன். நமக்குக் கல்யாணமான நாளிலிருந்து அது கத்துகிறது. ஒரு நாள்கூட நீங்கள் அதற்கு எழுந்ததில்லை. உங்களைத் தூங்குமூஞ்சி என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

டாக்டரம்மாவுக்கு நான் சொன்ன பதிலை மாற்றிச் சொல்லவேண்டும். உங்களைக் கேட்காமல் எப்படிச் சொல்வது? சவுண்டு ஆளும் மேனேஜரும் உங்களை வெளியே அனுப்பக் காத்துக்கொண்டிருக்கும்போது உங்களை எப்படிக் கேட்பது? அத்தை வேறு, "அவனா பேசினான்? என்ன சொன்னான்?" என்று என் முகத்தையே பார்க்கிறார். தலைவலி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

என் பேச்சை நம்பவேண்டாம். நான் பயந்தாங்கொள்ளிதான். டிரம்மர் தம்பியைப் பக்கத்தில் கூப்பிடுங்கள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, சத்தத்தை வெளியே கேட்கும்படி வைத்து, நான்காவதை அழுத்துங்கள். கட்டையைப் பார்க்காதீர்கள். தம்பியின் முகத்தைப் பாருங்கள்.

உங்கள்,
பாப்பாவின் அம்மா