துண்டிக்கும் உளிக்கு ஒரு பிடி

குன்னுகுழி, திருவனந்தபுரம்
11-6-1938

பிரியமுள்ள சரோஜத்துக்கு,

கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். நாகர்கோவிலில் நீயும் அப்படியே இருப்பதை உன் கையெழுத்தில் காண ஆவலாயிருக்கிறேன்.

உன் குவார்ட்டர்ஸின் ஜன்னல் ரோட்டைப் பார்த்திருப்பதாகவும், திரைச்சீலைக்கு வளையம் இல்லையென்றும் எழுதியிருந்தாய். வீட்டில் கால்மிதிக் கடைசல் இயந்திரம் இருக்கும்போது வளையத்தைக் கடையில் வாங்குவது முறையல்ல. பித்தளைக் குழாய் வாங்கிவிட்டேன். அதை வளையம் வளையமாகத் துண்டித்தெடுக்கத் தனி உளி வேண்டும். அந்த உளி மிக மெல்லியது. அதைப் பற்றியிருக்கும் பிடி சற்று அசைந்தாலும் உலோகத்துக்குள் புதைந்து ஒடிந்துவிடும். ஏற்கெனவே ஒன்று ஒடிந்தது. ஆகையால் அதற்கென்றே கனமான உளிப்பிடி ஒன்றைப் புத்தகத்தில் சொல்லியபடி செய்யத் தொடங்கியிருக்கிறேன்.

காலேஜில் இவ்வருஷத்து மாணவர்கள் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள். சந்தேகம் உள்ளவர்கள் துண்டுச் சீட்டில் எழுதித் தரவேண்டும் என்று விதி செய்துவிட்டேன். பௌதிக வகுப்பு இப்போது ஒழுங்காக நடக்கிறது.

தற்காலிகமாகப் போன உன்னைத் தலைமையாசிரியையாக நிரந்தரப்படுத்தப் பள்ளிக்கூட மானேஜர் விரும்புவது உன் தகுதிக்குக் கிடைத்த மதிப்பு. நீயே தீர்மானிக்க வேண்டும். என் சௌகரியத்தை அதில் சேர்க்காதே.

அன்புள்ள,
பு. ஞானசிகாமணி


நாகர்கோவில்
19-6-1938

அன்பான அத்தானுக்குச் சரோஜம் எழுதிக்கொண்டது.

கடிதம் கிடைத்தது. உளிக்குப் போக எனக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கியிருந்தீர்கள், அதற்காக ஸ்தோத்திரம். ஜன்னலில் தற்சமயம் பாயைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். "டீச்சரம்மா காப்பிக்கடை போட்டிருக்காளா?" என்று ரோட்டில் போகிறவர்கள் கேட்கிறார்களாம்.

மானேஜர் ஜூலை முடிவதற்குள் பதில் வேண்டும் என்கிறார். சம்மதித்தால் நான் இங்கே, நீங்கள் அங்கே. நமது மிச்சக் காலம் மோட்டார் பஸ்ஸில் கழியும். மறுத்தால் பழையபடி உங்களுக்குச் சோறாக்கிக்கொண்டு அந்த இயந்திரத்தோடு சண்டை போடலாம். பள்ளிக்கூடத்தை விட மனதில்லை. சண்டை போட ஆளில்லாமல் வாயும் புளிக்கிறது. எதைத் தீர்மானிக்கச் சொல்கிறீர்கள்? ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று எழுதவேயில்லை.

உங்கள்,
சரோஜம்


குன்னுகுழி
2-7-1938

பிரியமுள்ள சரோஜத்துக்கு,

சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

உளிப்பிடி முடிந்தது. இரும்புக் கட்டியொன்றில் அரத்தாலேயே பள்ளம் எடுத்து, உளியை அதற்குள் இறக்கியிருக்கிறேன், இம்மியும் ஆடாது. மேலிருந்து இரண்டு திருகாணிகள் அழுத்துகின்றன. உளியின் முனை, சுழலும் குழாயின் மையத்துக்குச் சரியான உயரத்தில் நிற்கிறது. இதில் பெரிய வெற்றி என்னவென்றால், நீ எப்போதும் பழிக்கும் அந்தக் கீச்சுச் சத்தம் அறவே நின்றுவிட்டது. பூனை நடப்பதுபோல் வெட்டுகிறது. ஆயினும் உளிகள் ஒடிந்துகொண்டே இருக்கின்றன. வளையம் ஒன்றுகூட முழுதாக வரவில்லை. காரணம் விளங்காததால் பிடியை இன்னும் கனமாகச் செய்ய உத்தேசித்திருக்கிறேன்.

உன் தம்பி நேசமணி புதன்கிழமை வந்தான். நெடுநேரம் கதவைத் தட்டியதாகச் சாதிக்கிறான். தட்டவேயில்லை. இந்தப் பழக்கத்தை நீ கண்டிக்க வேண்டும். நமது போதகரும் வயதாகிப்போனதால் பிரசங்கத்தை மெதுவாகப் பேசுகிறார், முன்பெஞ்சுக்கு மாறியிருக்கிறேன்.

அன்புள்ள,
பு. ஞானசிகாமணி


நாகர்கோவில்
8-7-1938

அன்பான அத்தானுக்கு,

நேசமணி நேற்று இங்கே வந்தான். கண்டிக்கத்தான் கூப்பிட்டேன். அவன் சொன்னதை அவன் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"அக்கா, கை நோவத் தட்டினேன். அத்தான் உள்ளே மெஷினைச் சவிட்டிக்கிட்டே இருக்காரு. அது போடுத கீச்சு ரோட்டு முனை வரைக்கும் கேக்குது. பக்கத்து வீட்டு நாயி ஊளையிடுது. கடைசியிலே ஜன்னல்லே போயி கையை ஆட்டினேன், அப்பந்தான் கண்டாரு. 'தட்டிட்டு வரப்படாதாலே'ன்னு ஏச்சு எனக்கு!"

அத்தான், கோபிக்காமல் வாசியுங்கள். அந்தச் சத்தம் நிற்கவில்லை. இத்தனை வருஷமும் உளி கீச்சிட்டவுடன் நான் அடுக்களையிலிருந்து, "பல்லு கூசுது, நிறுத்துங்க!" என்று கத்துவேன். நீங்கள் முணுமுணுத்துக்கொண்டே மிதிப்பதை நிறுத்தி, உளியைப் பின்னுக்கு வாங்கி, திருகாணியை இறுக்கி, மறுபடி தொடங்குவீர்கள். அப்போது உளி ஒடிந்ததாக எனக்கு நினைவில்லை. இப்போது கத்த ஆளில்லை. அது அலறிக்கொண்டே புதைகிறது. நீங்கள் மிதித்துக்கொண்டே இருக்கிறீர்கள்.

மாணவர்களின் முணுமுணுப்பையும் போதகரின் மெல்லிய குரலையும் சேர்த்து யோசித்தேன். உங்கள் உளிப்பிடியில் பிழை இராது. உங்களுக்குக் காது கேட்கவில்லை, அத்தான். இதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் வேறு யாரும் உங்களிடம் சொல்லமாட்டார்கள்.

சரோஜம்


குன்னுகுழி
13-7-1938

பிரியமுள்ள சரோஜத்துக்கு,

உன் கடிதத்தை வாசித்துக் கோபித்தேன். ஆனால் பரிசோதிக்காமல் ஒன்றை மறுப்பது முறையல்ல. காலேஜ் சோதனைச்சாலையில், மாணவர்களுக்குச் சுரங்களின் அதிர்வைக் காட்டும் இசைக்கவைகளை எடுத்து, கனத்ததில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தட்டினேன். தாழ்ந்த சுரம் தரும் கனத்தவை கேட்டன. உச்சச் சுரம் தரும் சிறியவற்றுக்கு வந்தபோது, நான் சரியாகத் தட்டவில்லை என்று நினைத்துத் தண்ணீரில் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் தெறித்து என் சட்டையில் விழுந்தது. காதில் ஒன்றுமில்லை.

நீ சொன்னது சரி. நேசமணியிடம் என் வருத்தத்தைத் தெரிவி.

மாணவனின் கேள்வி காதில் விழாத ஆசிரியன் வகுப்பில் நின்று சம்பளம் வாங்குவது நியாயமல்ல. உள்ளதை உள்ளபடி பிரின்சிபாலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். டாக்டர் சர்டிபிகேட்டின் பேரில் ஓய்வு கொடுப்பார்கள்.

ஒன்றை மாத்திரம் என்னால் சோதிக்கக் கூடவில்லை. உன் குரல் எந்தக் கவையோடு சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. அது எனக்குக் கேட்பவற்றில் இருக்கிறதா, போய்விட்டவற்றில் இருக்கிறதா? நீ இங்கே இல்லாததால் அறிய வழியில்லை. வழி இருந்தாலும், அறிவதற்கு அச்சமாயிருக்கிறது.

இதைக் கொண்டு இரக்கப்பட்டு வேலையை விட்டுவிடாதே.

அன்புள்ள,
பு. ஞானசிகாமணி


நாகர்கோவில்
16-7-1938

அன்பான அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு மானேஜரிடம் போய், வேலையை நிரந்தரமாக ஏற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

திடுக்கிட வேண்டாம். நான் அங்கே வந்து உட்கார்ந்தால் ஒருவரையொருவர் பார்த்துப் பரிதாபப்படுவதே நமக்கு வேலையாகிவிடும். இந்தத் தரம் நீங்கள் பெட்டி கட்டுங்கள். இங்கே வடசேரியில் ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறேன். முன்னறையின் தரை சிமென்ட். இயந்திரத்தின் கால்களை அதில் ஆணி இறக்கி நிறுத்தலாம். வீட்டுக்காரர் முதலில் முகம் சுளித்தார். என் பள்ளியில் அவருக்கு இரண்டு பெண்கள் படிக்கிறார்கள், ஆகையால் சம்மதித்தார்.

என் குரலைப் பற்றி: பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கிச் சோதித்துக்கொள்ளுங்கள். கேட்டால் நல்லது. கேட்காவிட்டால் கையை ஆட்டுவேன். ஆட்டிக்கொண்டே ஏசுவேன். ஏச்சிலிருந்து தப்பிவிட்டதாக மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

உங்கள்,
சரோஜம்


குன்னுகுழி
20-7-1938

பிரியமுள்ள சரோஜத்துக்கு,

அடுத்த மாதம் வருகிறேன். இயந்திரத்தை மாட்டுவண்டியில் அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறேன்; உளிப்பிடி என் பெட்டியிலேயே வரும்.

வீட்டைக் குறித்து நீ எழுதியிருக்கும் விவரம் போதாது. முன்னறையின் நீள அகலம் இல்லை. ஜன்னல் எந்தத் திசை என்பதில்லை. அடுக்களை வாசல் எந்தச் சுவரில் இருக்கிறது என்பதும் இல்லை. இயந்திரத்தை ஜன்னலைப் பார்த்து, வெளிச்சம் வேலையின்மேல் விழும்படி நிறுத்தவேண்டும் என்பதே விதி. நமது வீட்டில் அந்த விதியை அனுசரிக்க வேண்டியதில்லை. நான் மிதித்துக்கொண்டிருக்கும்போது அடுக்களை வாசல் என் கண்ணுக்கு நேராக இருக்கவேண்டும். வெளிச்சத்துக்கு விளக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆகையால் முன்னறையையும் அடுக்களையையும் ஒரு தாளில் அளவோடு வரைந்து மறுதபாலில் அனுப்பு. அடுக்களையில் நீ நிற்கப்போகும் இடத்தில் ஒரு புள்ளி வைக்க மறவாதே.

அன்புள்ள,
பு. ஞானசிகாமணி