மல்லிகா மறந்த பாஸ்வேர்டு

ஆனி, செவ்வாய் இரவு

சிகிச்சைக்காக என் மனைவி மல்லிகா சென்னைக்குப் போனபின் என் போன் உடைந்தது. புதுப் போனில் வீட்டு வைஃபை போட பாஸ்வேர்டு தெரியவில்லை. அவள் வைத்ததுதான். எப்போது கேட்டாலும் மறந்துவிட்டது என்பாள். மொபைல் நெட் வீடியோவுக்குத் தாங்காது. குரல் மட்டும்தான்.

இன்று எங்கள் தீவின் அபர்டீன் பஜாரில் பழைய போனைச் சரிசெய்து வாங்கினேன். செட்டிங்கில் பாஸ்வேர்டு இருந்தது. எங்கள் மகளின் பெயரும் பிறந்த வருடமும். அதையா மறப்பாள்?

வீடியோவில் கூப்பிட்டேன். கட் செய்துவிட்டு, சாதாரணமாகக் கூப்பிட்டாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"ம்."

"வீடியோ வேணாங்க. முடியெல்லாம் கொட்டிடுச்சு. பாப்பா பயந்துடுவா."

சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

போனை வைத்ததும் பாப்பா ஓடிவந்தாள். "வைஃபை வந்துச்சாப்பா? அம்மாவைப் பாக்கலாமா?"

"இன்னும் கிடைக்கலம்மா."

"அச்சா, சரிப்பா" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.