மூணு பேருக்கும் மனசு ஒண்ணு

இன்று பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. ஞானஸ்நான வகுப்புக்கு வந்த பெண்கள் நனைந்த கம்பளிகளை நம் வீட்டு அடுப்பைச் சுற்றி விரித்துப் போட்டார்கள். ஈரக் கம்பளியும் விறகுப் புகையும் கலந்த அந்த வாசனை எழுந்ததும், பாடத்தை நிறுத்திவிட்டுச் சிரித்துவிட்டேன். "என்னங்க ஐயா?" என்று கேட்டார்கள். உன்னைப் பற்றி அவர்களிடம் எங்கே தொடங்குவது? அதனால் உனக்கே எழுதுகிறேன்.

அதே வாசனையோடுதான் நீ முதன்முதலாக என் வகுப்புக்கு வந்தாய். நான் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த புது உபதேசியார். இலங்கையில், ஸ்பிரிங்வெளிக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் எனக்கென்று இருந்த ஒரே பெருமை, என் படிப்பு. நீ கொழுந்து பறிக்கிறவள். உட்காருமுன்பே கேட்டாய்: "காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி பெரட்டுல வரிசையா நிறுத்தி எண்ணுறாங்க. யாரும் பேரு கேக்குறதில்ல. உங்க சாமி பேரு சொல்லிக் கூப்பிடுவாருன்னு சொன்னீங்களாமே, நெசமா?"

"நெசந்தான்" என்றேன். அன்றே உன்னை எனக்குப் பிடித்துப்போயிற்று. மழைக்காலம் முடிவதற்குள் உனக்கும் என்னைப் பிடித்தது. ஆனால் பாதிரியாரின் கேள்விகளுக்கு நீ பதில் சொன்னால்தான் ஞானஸ்நானம். ஞானஸ்நானம் ஆனால்தான் கல்யாணம். பதுளையிலிருந்து குதிரையில் வருகிற அந்த வெள்ளைக்காரர் அந்த ஆண்டில் இன்னும் ஒரே ஒருமுறைதான் வர இருந்தார்.

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்ற திரித்துவத்தை உனக்கு விளங்கவைக்க நான் பட்ட பாடு! இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்து ஒரே கொழுந்து என்று, தேயிலையைக் கிள்ளிவந்து காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"இந்தக் கொழுந்து என்னையப் பாக்குமாங்க?"

"பாக்காது."

"நான் அழுதா இதுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப சாமிக்கு இதைச் சொல்லாதீங்க. சாமி 'அது' இல்லீங்க, 'அவரு'."

அதன்பிறகு எந்த உவமையையும் நான் கையில் எடுக்கவில்லை. பதில்களை மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டேன்.

பாதிரியார் வந்த ஞாயிற்றுக்கிழமை சிற்றாலயம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில், ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரிய கங்காணியும் கணக்கப்பிள்ளையும். பாதிரியார் தட்டுத்தடுமாறும் தமிழில் உன்னிடம் கேட்டார்: "பிதாவும் தேவன், குமாரனும் தேவன், பரிசுத்த ஆவியும் தேவன். அப்படியானால் மூன்று தேவர்கள் அல்லவா?"

மனப்பாடம் செய்தது மறந்துபோயிற்று என்று உன் முகமே சொன்னது.

"இல்லீங்க ஐயா" என்றாய். "மூணு சாமின்னா, பெரிய கங்காணி மேமலைக்குப் போன்னுவாரு, சின்னக் கங்காணி கீமலைக்குப் போன்னுவாரு, கணக்கப்புள்ள ரெண்டும் வேணாம் லயத்து வீட்டுக்கே போன்னுவாரு. நான் எங்கங்க போறது? இவங்க அப்பிடியில்ல. அப்பா நெனைக்கிறதைத்தான் மகன் செய்றாரு. ஆவியானவரும் அதையேதான் நமக்குள்ள இருந்து சொல்றாரு. மூணு பேருக்கும் மனசு ஒண்ணு, அன்பு ஒண்ணு. அதான் ஒரே சாமி. அதுக்கு மேல எனக்கு வெளங்கலீங்க."

பெரிய கங்காணி இருமினார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாதிரியார் என்னைப் பார்த்தார்; நான் தரையைப் பார்த்தேன்.

"அதற்கு மேல் விளங்கவில்லையா?"

"இல்லீங்க."

"எனக்கும் விளங்கவில்லை" என்று அவர் சொன்னதும் ஆலயமே சிரித்தது. உரக்கச் சிரித்தவர் கங்காணிதான். அன்றே உனக்கு ஞானஸ்நானம். மூன்று ஞாயிறு ஆலயத்தில் நம் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசித்தபின் கல்யாணத்துக்குப் பதுளைக்கு நடந்தோம். வழிக்கென்று கங்காணி தன் குடையைக் கொடுத்தனுப்பினார்.

திரும்பி வந்த மாலை நம் வீட்டில் முதல் ஜெபம். நான் நீளமாக, இலக்கணம் பிசகாமல் ஜெபித்துக்கொண்டே போனேன். முழங்கையால் இடித்தாய். "நீங்களே பேசிக்கிட்டிருந்தா அவரு எப்பங்க பேசுவாரு?"

நீ போய் நான்கு வருடமாகிறது. காய்ச்சலில் கிடந்த கடைசி வாரத்திலும் உன் ஜெபம், சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த காம்பராவில் இருப்பவரோடு பேசுவது போலத்தான் இருந்தது. நாலு வார்த்தை சொல்வாய், நிறுத்திக் கேட்பாய், சில சமயம் சிரிப்பாய். உன் காதில் என்ன கேட்டது என்று நான் விசாரிக்கவில்லை.

இப்போதெல்லாம் ஆலயத்தில் ஆமென் சொல்லுமுன் நானும் நிறுத்துகிறேன். பெண்கள் இருமுகிறார்கள், பிள்ளைகள் நெளிகிறார்கள். உபதேசியாருக்கு ஜெபம் மறந்துவிட்டதோ என்று கணக்கப்பிள்ளை ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிறார். நான் அசைவதில்லை. எதிரே ஒருவர் இருக்கிறார். அவர் பேசி முடிக்கட்டும்.