புளி போட்டுத் தேய்த்த சிலை

ஆழ்வார்குறிச்சி,
திங்கட்கிழமை.

அன்பு மகள் சுகிர்தாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், நீ பரோடாவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டால் அதைவிடச் சுகம். அணை திறந்துவிட்டார்கள், ஊரெல்லாம் நடவு. அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அந்தத் தைரியத்தில் நேற்று இரண்டு அதிரசம் தின்றார். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவு வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் உன் சித்ரலேகா அத்தை பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்தாள். டிவி பக்கத்தில் இருந்த உன் வெண்கலச் சிலையைக் கையில் எடுத்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போக நான் கைப்பையை இடுக்கிக்கொண்டு, நெற்றியில் கை வைத்து பஸ் வருகிறதா என்று பார்ப்பேனே, அதைச் சாண் உயரத்தில் நீ செய்து பொங்கலுக்கு அனுப்பினாயே, அதுதான். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன மைனி, சுகிர்தா ஒங்கள இம்புட்டு கருப்பாவா செஞ்சிருக்கா, களிம்பு ஏறின குத்துவிளக்கு மாதிரில்லா இருக்கு என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் சுருக்கென்று தைத்துவிட்டது. மறுநாள் அப்பா ரேஷன் கடைக்குப் போன நேரம் சிலையை வெந்நீரில் போட்டேன், மேலே இருந்த மெழுகு கழன்றது. பிறகு புளியும் செங்கல்பொடியும் வைத்து, தேங்காய் நாரால் ஒரு மணி நேரம் தேய்த்தேன். தங்கம் போல் பளபளவென்று வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அதைப் பார்த்து சந்தோஷப்பட்டேன்.

அன்று சாயங்காலம்தான் நீ போன் பண்ணினாய். டெல்லி கண்காட்சிக்கு அந்தச் சிலையைக் கேட்கிறார்கள், அடுத்த வாரம் சனிக்கிழமை ஆள் வந்து வாங்கிக்கொள்வார், ஈரத்துணியால்கூடத் துடைச்சிராதம்மா, சூடு பண்ணிச் சூடு பண்ணி மருந்து தடவி பத்தொன்பது நாள் பார்த்தேன், ஒன் கழுத்து நெறம் வாரவரைக்கும் விடல என்றாய். சிலை அப்போது என் எதிரே துண்டில் காய்ந்துகொண்டிருந்தது. நான் சரி சரி என்று போனை வைத்துவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். டெல்லிக்குப் போற வழியில ஒரசிட்டுன்னு சொல்லிருவோம், நம்பிருவா என்றார். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று பாடம் நடத்தியவள் நான். பார்சல்காரன் தலையில் பழியைப் போட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் சிலை கெட்டதைவிட இன்னொன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. உனக்கு ஆறு ஏழு வயதிருக்கும்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் பயத்தமாவைப் போட்டு உன் முழங்காலையும் கழுத்தையும் இப்படித்தானே தேய்த்தேன். எரியுதும்மா என்று அழுவாய், கொஞ்சம் பொறுட்டி, வெளுத்திரும் என்பேன். என்னைப் பெண் பார்க்க வந்தபோது உன் ஆச்சி, பொண்ணு கருப்புதான், போகட்டும் என்றார்கள். அந்தப் போகட்டும் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. அதை உன் மேல் தேய்த்தேன், இப்போது நீ செய்த என் மேலும் தேய்த்துவிட்டேன். நீ ஒருத்திதான் என்னைக் குறையாகப் பார்க்காமல் உள்ளபடி பார்த்தாய், அதையும் நான் விட்டுவைக்கவில்லை.

கொண்டைக்கு அடியில், விரல் நுழையாத இடத்தில், நீ வைத்த நிறம் ஒரு நகம் அளவு மிச்சம் இருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று என் கழுத்தருகே வைத்துப் பார்த்தேன். அச்சு அசல் அதேதான். நான் அழுதுவிட்டேன், அப்பாவுக்குத் தெரியாது.

கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன், சனிக்கிழமைக்குள் வந்துவிடும். ஆளிடம் சிலையைக் கொடுக்கவா வேண்டாமா என்று நீ சொல். திட்டுவதானால் நன்றாகத் திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. பழையபடி நிறம் ஏற்ற முடியுமானால், அம்மாவுக்குப் பிடிக்குமே என்று கொஞ்சம்கூட வெளுப்பாக வைத்துவிடாதே. அந்த நகம் அளவைப் பார்த்து அப்படியே வை.

கல்லிடைக்குறிச்சி அப்பளம் இரண்டு கட்டு தனியாக அனுப்பியிருக்கிறேன். நெருப்புப் பக்கம் போகும்போது கையுறை போட மறக்காதே. நீ நினைத்ததெல்லாம் நடந்து தீர்க்காயுசாக இரு.

இப்படிக்கு,
உன் கருத்த அம்மா
அன்னத்தாய்